வெறும் ரத்தம்

“பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோங்கம்மா” என்று சொல்லிவிட்டு லேப்காரர் போய் வெகுநேரமாகியும் சண்முகவடிவு பிடியை விடவில்லை. பிடிக்கச் சொன்னவர் விடச் சொல்லவில்லையே. ரத்தம் எப்போதோ நின்றிருக்கும். இருந்தாலும் இடது முழங்கை மடிப்பில் பஞ்சு, பஞ்சின் மேல் வலது கைக் கட்டைவிரல், அந்த வலது புறங்கையில் மருந்து ஏறுவதற்கான ஊசி என்று தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அவள் வாகே அப்படி. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். உடும்பு என்று அண்ணன் கேலியாகச் சொல்வான், அண்ணன் பெண்டாட்டி கேலி இல்லாமலே சொல்வாள். வலது கால் தலையணை மேல் கிடந்தது, முழங்காலுக்குக் கீழே கம்பிகள் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மினி பஸ்ஸிலிருந்து அவள் இறங்கி முடிப்பதற்குள் டிரைவருக்கு என்ன அவசரமோ, அன்றைக்கு உடைந்த எலும்பு. உடைந்த இடத்தில் கிருமி வேறு புகுந்துகொண்டது, அதுவும் சாதா மருந்துக்கெல்லாம் மசியாத கிருமி. மசிய வைக்கிற மருந்து தினமும் காலையில் கட்டில் பக்கத்துக் கம்பியில் தொங்கும். இன்று கம்பி சும்மா நின்றது. இன்றைக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு வந்த பிறகுதான் மருந்தை ஏற்றுவதா வேண்டாமா என்று பேச்சாம். முந்தின நாள் ஏற்றிய மருந்து வேலையைப் பார்த்துவிட்டு மூத்திரத்தோடு இறங்கிப் போய்விட வேண்டும், போகாமல் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று அடுத்த மருந்துக்குக் கொஞ்சம் முன்னால் ரத்தத்தில் பார்ப்பார்கள். டாக்டர்கள் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் சொல்வார்கள். மார்த்தாண்டம் பக்கத்துக்காரி ஷீபா சிஸ்டர் வாயில் அது வெறும் ரத்தம். மருந்து ஏறி முடிந்த பிறகு எடுப்பது நெறஞ்ச ரத்தம். “நாளைக்குக் காலத்த வெறும் ரத்தம் எடுக்கணும், கேட்டியளா” என்று சிஸ்டர் முதல் தடவை சொன்னபோது வடிவு தனக்குத் தெரிந்த வழியில் அதை எடுத்துக்கொண்டாள். ரத்தம் எடுப்பதென்றால் வெறும் வயிறு, இது உலகம் அறிந்தது. வெறும் ரத்தம் என்றால் அதைவிட ஒரு படி கடுமையாக இருக்கும். எனவே முந்தின நாள் மத்தியானச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டாள், பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போகப்போக அதில் ஒரு நேர்த்திக்கடன் சுகம்கூட வந்துவிட்டது. தண்ணீர் குடிக்காவிட்டால் இன்னொரு வசதி, ஆயாவைக் கூப்பிட்டுப் பேஸின் கேட்க வேண்டியதில்லை. அந்த ஆயா பேஸினைக் கொண்டுவருகிற முகத்தைப் பார்த்தால் வந்த மூத்திரமும் திரும்பிப் போய்விடும்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. ஒட்டினால் ஒட்டட்டும். அவள் கவனம் ஜன்னலில் இருந்தது. ஜன்னல் அவள் கட்டில் பக்கம் இல்லை, பக்கத்துக் கட்டிலைத் தாண்டி இருந்தது. அந்தக் கட்டிலில் இடுப்பெலும்பு விலகிய ஒரு கல்லூரிப் பெண் எந்நேரமும் போனும் கையுமாகக் கிடந்தாள். அவளுக்குத் துணையாக வந்திருந்த பெரியம்மா ஆவுடையக்கா ஃபிளாஸ்க்கும் கையுமாக நாள் முழுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மூன்று மாடிக்குக் கீழே, மருந்துக் கடைகளும் ஒரு டீக்கடையும் இருக்கிற தெரு. தெருவை வடிவு பார்த்ததில்லை, கேட்டிருக்கிறாள். வந்த புதிதில் காலை வேளையில் அந்தத் தெரு வழியாக ஒரு குரல் போகும். முதலில் முனையில் சன்னமாக, பிறகு நேர் கீழே தெளிவாக, பிறகு மறுமுனையில் கரைந்துபோய். வாடிக்கையாளப் பெருமக்களே, தாய்மார்களே, செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, நம்பிக்கையின் மறுபெயர், நமது பேருந்து நிலையம் எதிரில். இதுதான் அந்தக் குரல் சொன்னது. இதைக் கேட்டு ஒருத்தி படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு கிடந்தாள் என்றால் யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பேச்சிமுத்து அவள் புருஷன். ஆட்டோ மேல் இரண்டு குழாயைக் கட்டிக்கொண்டு நகைக்கடை, ஜவுளிக்கடை, குடிநீர் வராது, கரண்டு இருக்காது, காணவில்லை, காலமானார் எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்கிற மைக்காரன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், அவன் வாயை வாடகைக்கு விட்டே பிழைத்தான்.

பேரில்தான் பேச்சு. வீட்டுக்குள் கால் வைத்தால் வாய்க்குப் பூட்டு. கல்யாணமான புதிதில் வடிவு இதை வெட்கம் என்று நினைத்தாள், பிறகு களைப்பு என்று நினைத்தாள், பிறகு திமிர் என்று நினைத்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவன் குரலுக்காக ஏங்குகிற பிழைப்பு யாருக்கு வாய்க்கும். ஆனால் ஒன்று இருந்தது. அதை நினைத்தால் இப்போதும், தொண்டை காய்ந்து கிடக்கிற இந்த நேரத்திலும், வாயில் எச்சில் ஊறியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வருவதற்கு முன்னால் தெருமுனையில் ஆட்டோ திரும்பும்போது விளம்பரத்தை நிறுத்திவிட்டு மைக்கை விரலால் மூன்று தட்டு தட்டுவான். டொக், டொக், டொக். கேட்கிறவர்களுக்கு அது மைக் டெஸ்ட். அவளுக்கு அது, வந்துவிட்டேன், சோற்றைப் போடு. அவனாகச் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளாகக் கேட்டதும் இல்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவளுக்கே அர்த்தமாகிவிட்டது. தட்டு கேட்டதும் இலையை அலசிப் போடுவாள். அவன் காலைக் கழுவிவிட்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்து, விரித்திருக்கிற இலையைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்க்காமல், “கேட்டுச்சா?” என்பான். “கேட்டுச்சு” என்பாள். அந்த வீட்டில் நடந்த பேச்சு அவ்வளவுதான். அதுவும் போதும் என்று இருந்த நாட்கள் உண்டு. எத்தனை மத்தியானம் அந்த ஒரு வார்த்தையை அவன் கேட்பதற்காகவே குழம்பை நல்லபடியாக வைத்தாள். கேட்டுச்சா. கேட்டுச்சு. இப்போது டாக்டரும் அதையேதான் கேட்கிறார், தினமும், கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டு, காது எப்படிம்மா, ஏதாவது இரைச்சல் இருக்கா, எல்லாம் கேக்குதா. அவளும் அதே பதிலைத்தான் சொல்கிறாள். நல்லா கேக்கு சார்.

“ஏ வடிவு, இன்னுமா கையைப் பிடிச்சிட்டு கெடக்க?” ஆவுடையக்கா பக்கத்தில் வந்து நின்று அவள் கட்டைவிரலைப் பிரித்துவிட்டாள். பஞ்சு காய்ந்து ஒட்டியிருந்தது. “ரத்தம்தான் எடுத்தாச்சுல்லா. ரெண்டு இட்லி வாங்கியாரட்டா?”

“முடிவு வரட்டும்க்கா.”

“முடிவுக்கும் இட்லிக்கும் என்ன சம்மந்தம்? உதடு வெடிச்சிருக்கு பாரு. தண்ணியாவது குடி.”

“முடிவு வரட்டும்” என்றாள் மறுபடியும். ஆவுடையக்கா பேசும்போது வடிவு அவள் வாயைத்தான் பார்த்தாள். பார்க்காமல் கேட்டால் வார்த்தையின் ஓரங்கள் உதிர்ந்துபோய் வருகின்றன, இட்லி இல்லி மாதிரியும் தண்ணி அண்ணி மாதிரியும். பார்த்தால் சரியாக இருக்கிறது. இந்த வித்தை எப்போது பழக்கமானது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆவுடையக்கா ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, பிடிவாதம் பிடித்தவளோடு என்னத்தைப் பேச என்று முதுகைக் காட்டிச் சொன்னது மட்டும் வடிவுக்கு ஊகத்தில்தான் எட்டியது.

காலுக்கு மருந்து, காதுக்கு விஷம். ஆரம்பத்திலேயே டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இது காலைக் காப்பாற்றும், ஆனால் உடம்பில் தங்கினால் காதைக் கெடுக்கும், அதனால்தான் ரத்தத்தில் அளந்து அளந்து கொடுக்கிறோம், காதில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் உடனே சொல்லணும், போனது திரும்பி வராது என்றார். காலா காதா என்று அன்றைக்கு விளையாட்டாக நினைத்துப் பார்த்தாள். காலுக்கும் காதுக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம். கால் வேண்டும். கால் இருந்தால் நடக்கலாம். நடந்தால் அண்ணன் வீட்டுப் படியிறங்கி, மேட்டுத்தெரு தாண்டி, ரேஷன் கடைச் சந்தில் திரும்பி, தகரக் கதவு வைத்த புருஷன் வீட்டுக்குப் போய்விடலாம். பஸ்ஸிலிருந்து விழுந்து ரோட்டில் கிடந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது, முதல் நினைப்பே அதுதான், ஐயோ இனி நான் எப்படி அங்கே போவேன் என்று. இத்தனை வருஷம் இரண்டு காலும் நல்லாத்தானே இருந்தது, போனாயா என்று கேட்கலாம். வைத்துக்கொண்டு போகாததும் முடியாமல் போகாததும் வேறு வேறு. அதனால் மருந்தை நிறுத்த விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். காலையில் ஜன்னல் கட்டையில் அணில் வந்து வாலைத் தூக்கித் தூக்கிக் கத்தும். ஒருநாள் அது வாலைத் தூக்கியது, வாயைத் திறந்தது, சத்தத்தைக் காணோம். அணிலுக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். மருந்து ஏற்றுகிற மெஷின் மருந்து தீர்ந்ததும் கீகீ என்று கத்துமாம். ஷீபா சிஸ்டர் ஓடிவந்து, “இவ்வளவு நேரமா மெஷின் நிலவிளிக்கி, கூப்பிட மாட்டியளா?” என்றபோது, கண்ணசந்துட்டேன் சிஸ்டர் என்றாள். கண் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தக் காது பரிசோதனை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் கண்ணாடி அறைக்குள் உட்கார்த்தி, காதில் மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்குங்க என்றார்கள். முதல் தடவை நியாயமாகத்தான் அமுக்கினாள். அடுத்த தடவை ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்திருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினைத் திருகுகிறவருடைய தோள் லேசாக அசைவது தெரிந்தது. தோள் அசைந்தது, அமுக்கினாள். அசைந்தது, அமுக்கினாள். அவர் சந்தோஷமாக எழுதிக்கொடுத்தார். பரீட்சையில் பார்த்து எழுதியே பழக்கமில்லாதவள் இந்த வயதில் அதையும் செய்துவிட்டாள்.

ஆனால் அந்தக் குரல்? அதை யாருடைய தோளைப் பார்த்துக் கேட்பது? கொஞ்ச நாளாக அது வரவில்லை. வரவில்லை என்று முதலில் சாதாரணமாகத்தான் நினைத்தாள். நகைக்கடை விளம்பரம் முடிந்திருக்கும், டவுன் பக்கம் ஓட்டம் கிடைத்திருக்கும். பிறகு ஆட்டோ ரிப்பேராக இருக்கும் என்று நினைத்தாள். பிறகு அவனுக்கே ஏதாவது ஆகியிருக்குமோ என்று நினைத்து, நினைத்த வாயைக் கழுவ வேண்டும் என்று நினைத்து, அவன் காலமானால் அதை யார் ஊருக்கு மைக்கில் சொல்வார்கள் என்று நினைப்பு அதுபாட்டுக்கு ஓடியபோது பயந்துபோய்க் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். இல்லை வந்தானோ, எனக்குத்தான் கேட்கவில்லையோ. இந்த இரண்டில் எது வேண்டும் உனக்கு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாள். அவன் வரவில்லை என்றால் காது பிழைத்தது. காது போனது என்றால் அவன் வந்தான். ஒன்று இருந்தால் ஒன்று இல்லை. ஆவுடையக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது, அக்கா கீழே மைக் ஆட்டோ ஏதாவது போச்சா என்று. கேட்க வாய் வரவில்லை. கேட்டால், உனக்குக் கேக்கலியா என்பாள். கேட்காதவரை இரண்டுமே உண்டு, காதும் உண்டு, அவனும் உண்டு.

இதெல்லாம் அப்பா இறந்த அன்று தொடங்கியது. அப்பாவின் அறிவிப்பைப் பேச்சிமுத்துதான் சொன்னான். மருமகன் இருக்க வேறு ஆளைப் பிடிப்பார்களா. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருக்க, பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, வெளியே அந்தக் குரல் எழுந்தது. ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரது இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணியளவில். வடிவு அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அந்தக் குரலில் ஒரு சின்ன விரிசல், ஒரு தடுமாற்றம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. சுத்தமாக, கணீரென்று, கமா ஃபுல்ஸ்டாப்போடு இருந்தது. ஊரைச் சுற்றிவிட்டு ஆட்டோ மறுபடி தெருமுனைக்கு வந்தபோது அதே குரல், அதே ஏற்ற இறக்கம், தாய்மார்களே, ஆயிரம் ரூபாய்க்குச் சேலை எடுத்தால் எவர்சில்வர் குடம் இலவசம். முன்பணம் வாங்கிய வேலையாம், சொல்லாமல் விட முடியாதாம். காரியம் எல்லாம் முடிந்து, “எங்க அப்பாவையும் சேலையையும் ஒரே குரல்ல சொல்லிட்டியளே” என்றாள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்லுங்க என்றாள். மூச். ஊருக்கெல்லாம் வாய் கொடுக்கிறவன் பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை கடன் வைக்கிறானே என்று அன்றைக்கே அண்ணன் வீட்டுக்கு வந்தவள்தான். வந்து அழைப்பான் என்று இருந்தாள், வந்தான், தெரு வழியாக, குழாய் வழியாக, தேங்காய் எண்ணெய் விலையும் குழந்தை காணாமல் போனதும் சொல்லிக்கொண்டு. தட்டு மட்டும் இல்லை. அந்த மூன்று தட்டு கேட்டிருந்தால் ஓடியிருப்பாள், செருப்புகூடப் போட்டிருக்க மாட்டாள். தையல் மிஷினை நிறுத்திவிட்டு, பாபினில் நூல் சுற்றுகிற சாக்கில் காதைத் தெருவில் வைத்திருப்பாள், குரல் கிட்டே வரும், வாசலைத் தாண்டும், போய்விடும். எத்தனை வருஷம். மறக்க வேண்டியதுதானே என்பார்கள். மருந்துக்குக்கூட ஒரு நாள் கணக்கு உண்டு, மறுநாள் காலைக்குள் உடம்பை விட்டுப் போய்விட வேண்டும் என்கிறார்கள், போகாமல் தங்கினால் விஷம் என்கிறார்கள். அவன் போகவில்லையே. அவளிடம் வெறும் ரத்தம் ஏது? எந்த நேரத்தில் ஊசி குத்தி எடுத்தாலும் அவன் மிச்சம் இருப்பான், டெஸ்ட் எழுதிக்கொடுத்த டாக்டர் மிரண்டுபோவார். இப்படி நினைத்ததும் வெட்கம் வந்து, பக்கத்துக் கட்டில் பெண் பார்த்துவிட்டாளோ என்று திரும்பினாள். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷீபா சிஸ்டர் வந்து நின்றது நிழல் விழுந்த பிறகுதான் தெரிந்தது. கையில் மருந்து பாட்டில் இல்லை. அதைத்தான் வடிவு முதலில் பார்த்தாள்.

“அம்மோ, ரெண்டு தடவை விளிச்சேன், திரும்பல்ல” என்றாள் சிஸ்டர். பிறகு முன்னால் வந்து குனிந்தாள். “ரிசல்ட் வந்தாச்சு. வெறும்னு இருக்க வேண்டிய ரத்தம், நிறைய மிச்சம் நிக்கி. மருந்து எறங்கவே இல்ல. கிட்னியும் கொஞ்சம் மக்கர் பண்ணுது. வெள்ளம் நல்லா குடிச்சியளா, இல்லியா?”

வெள்ளம் என்றால் சிஸ்டருக்குத் தண்ணீர். “டெஸ்டுக்கு முன்னாடி எப்பிடிக் குடிக்க?” என்றாள் வடிவு. “வெறும் ரத்தம்னுல்லா சொன்னிய.”

சிஸ்டர் அவளையே பார்த்தாள். “பின்ன?”

“வெறும் வயிறு.”

“ஒண்ணும் குடிக்கல்லியா? ஒவ்வொரு தடவையுமா?” சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டாள், சிரிப்பும் வந்தது, சிரிக்க முடியாமலும் இருந்தது. “எனக்க மாதாவே. வயிறு வெறுமையா இருக்கச் சொல்லல்ல அம்மா, மருந்து வடிஞ்ச ரத்தம், அதைத்தான் அப்பிடிச் சொல்லுவோம். வெள்ளம் குடிச்சாத்தானே மருந்து வெளிய போவும். எனக்க வாயால நான் சொன்னது இப்பிடி ஆச்சே.” அவள் அலமாரி மேலிருந்த பாட்டிலைத் திறந்து வடிவின் கையில் கொடுத்தாள். “குடியுங்க. இன்னைக்கு மருந்து கிடையாது. டாக்டர் வருவார். அதுக்கு முன்ன எனக்கு நேரா சொல்லணும். காது எப்படி?”

தண்ணீர் தொண்டையில் இறங்கியது. நல்லா கேக்கு சிஸ்டர். வார்த்தை தயாராக நாக்கில் இருந்தது, தினமும் சொல்லிச் சொல்லி வழுவழுப்பான வார்த்தை. கால். தகரக் கதவு. இன்னும் கொஞ்ச நாள் மருந்து ஏறினால் போதும்.

அப்போதுதான் ஆவுடையக்கா ஃபிளாஸ்க்கோடு மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வரும்போதே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள், வடிவுக்குப் பாதியிலிருந்துதான் பிடிபட்டது. “...இந்த மைக் செட்காரன் தொல்லை தாங்கல சிஸ்டர். செக்யூரிட்டி வெரட்டுதான், டீக்கடை பக்கம் ஒதுங்குதான், மறுபடி வந்து ஜன்னலுக்கு நேரா நிக்கான். ஆஸ்பத்திரின்னு ஒரு இது வேண்டாம்?”

“அது ஒரு வாரமா உண்டு” என்றாள் சிஸ்டர். “ஆனா ஒண்ணும் சத்தம் போடாது, பாவம்.”

“சத்தம் போட்டாக்கூடத் தேவலையே. என்னத்துக்குல நிக்கன்னு கேட்டேன், வாயைத் தெறக்கணுமே. சும்மா மைக்க தட்டிக்கிட்டு நிக்கான். மைக் கோளாறோ மண்டைக் கோளாறோ.”

வடிவு கையிலிருந்த பாட்டில் சாய்ந்து தண்ணீர் போர்வையில் வழிந்தது. “எப்பிடித் தட்டுதாக?” என்றாள்.

“எப்பிடின்னா? இந்தா இப்பவும் தட்டுதான்லா. உனக்குக் கேக்கலியா?”

ஆவுடையக்கா ஜன்னலைப் பார்த்துக் கையைக் காட்டினாள். சிஸ்டரும் ஜன்னலைப் பார்த்தாள். கல்லூரிப் பெண்கூடப் போனிலிருந்து தலையைத் தூக்கி, பார்த்துவிட்டு, தாழ்த்திக்கொண்டாள். எல்லோருடைய முகத்திலும் ஏதோ ஒன்று வந்து பட்டுவிட்டுப் போனது தெரிந்தது. வடிவு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இருக்கிற உயிரையெல்லாம் காதுக்குத் திரட்டினாள். காதுக்குள்ளே நாளாக ஆக வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் இரைச்சல், இரவு வண்டுகள் ஓயாமல் கத்துவது மாதிரி, அது மட்டும் இருந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்தாள்.

“அக்கா, அவுக தட்டுத மாதிரி ஒரு தடவை தட்டிக் காட்டுங்க.”

“இது என்ன கூத்து” என்று ஆவுடையக்கா அலுத்துக்கொண்டாலும், மோதிர விரலை மடக்கி வடிவின் கட்டில் கம்பியில் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. இரும்பு வழியாக, தலையணை வழியாக, உடைந்த எலும்பில் முறுக்கியிருந்த கம்பிகள் வழியாக அது அவளுக்குள் வந்தது. கால் வலித்தது. வடிவு அழுதாள். வந்திருக்கிறான். ஒரு வாரமாக, தினமும், வந்து நின்று தட்டியிருக்கிறான். இத்தனை வருஷம் காதைத் தீட்டி வைத்துக் காத்திருந்தாள், கேட்கிற காது போன பிறகு வந்திருக்கிறான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சும்மாவா சொன்னார்கள். துக்கம்தான். ஆனால் துக்கத்துக்கு மேலே சந்தோஷம் வந்து ஏறி உட்கார்ந்துகொண்டது, எவ்வளவு தள்ளியும் அது இறங்கவில்லை.

“சிஸ்டர்” என்றாள். “எனக்குக் காது கேக்கல. மெஷின் கத்துனது கேக்கல, அணில் கத்துனது கேக்கல. டெஸ்ட்ல பாத்துப் பாத்துத்தான் அமுக்குனேன். டாக்டர்கிட்டச் சொல்லுங்க. இருக்க காதாவது மிஞ்சட்டும். காலுக்கு வேற ஏதாவது பாக்கட்டும்.”

சிஸ்டர் ஒன்றும் திட்டவில்லை. வடிவின் தோளைத் தொட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனாள். ஆவுடையக்கா ஃபிளாஸ்க்கைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள்.

“அக்கா, இன்னொரு தடவை கீழ போகணும் நீங்க.”

“இட்லிக்கா?”

“அந்த மைக்காரர்ட்ட ஒரு வார்த்தை சொல்லணும்.”

“போகச் சொல்லிரவா?”

வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கேட்டுச்சுன்னு சொல்லுங்க.”